டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

எதைக் கற்பது, எத்தொழிலை மேற்கொள்வது, யாரை மணந்து இல்லறம் நடத்துவது என்னும் மூன்றும் ஒருவருடைய வாழ்க்கையின் போக்கை வகுப்பவை. இவற்றைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லார்க்கும் எக்காலத்தும் கிடைத்ததில்லை. நம் நாட்டுப் பெண்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வுரிமை மிக அரிதாகவே இருந்தது. பெற்றோர் முடிவு செய்தனர், ஊரார் ஒப்பினர், பெண் அதன்படி நடந்தாள். அத்தகைய காலத்தில் பிறந்தும், வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் தாமே எண்ணிப் பார்த்து வழியைத் தேர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். தேர்ந்த வழியில் நேர்ந்த இழப்புகளையும் அவர் தாமே தாங்கிக்கொண்டார்.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியில் வல்லவர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள், கோயில்களில் ஆடலும் பாடலும் நிகழ்த்தி வந்த மரபினர். குலம் வேறாகிய இருவரும் இணைந்து வாழ்ந்ததை நாராயணசாமி ஐயரின் சுற்றத்தார் ஏற்கவில்லை. அவரை ஒதுக்கி வைத்தனர். ஆகவே, ஒரு முடிவுக்குத் தர வேண்டிய விலை இன்னதென்பதை முத்துலட்சுமி தம் பிள்ளைப் பருவத்திலேயே வீட்டில் கண்டார்.

அந்நாளில் பெண் குழந்தைகள் பள்ளிக்குச் செல்வதே அருமை. சென்ற சிலரும் பருவம் எய்தியதும் நிறுத்தப்பட்டனர். முத்துலட்சுமியும் அவ்வாறே பள்ளியினின்று நின்றார். ஆயினும் அவர்தம் கல்வி நின்றுவிடவில்லை. தந்தையார் வீட்டிலேயே பாடம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மகளுக்குத் தக்க மணமகனைத் தேட வேண்டும் என்னும் கவலை தாயாருக்கு இருந்தது. தம் குலத்துப் பெண்களுக்கு நேர்ந்த இழிவு மகளை அணுகாதிருக்க வேண்டுமானால், அவளை விரைவில் ஒருவர் கையில் பிடித்துக் கொடுப்பதே பாதுகாப்பு என்று ஒரு தாய் எண்ணுவது இயல்பே. மகளோ கல்வியே தமக்குப் பாதுகாப்பாகும் என்று கருதினார். தந்தையார் மகளின் பக்கம் நின்றார். முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அடுத்துச் சேர வேண்டியது மன்னர் கல்லூரி. அங்கு அதுவரை ஆண்கள் மட்டுமே பயின்று வந்தனர். ஒரு பெண் அங்கு வந்து அமர்வதைக் கல்லூரியின் அந்நாளைய முதல்வர் விரும்பவில்லை. மாணவர்களின் பெற்றோர் பலரும் எதிர்த்தனர். புதுக்கோட்டை அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அம்மாணவிக்கு இடம் அளித்தார். ஒருத்திக்காகத் திறந்த அக்கதவு பின்வந்த பெண்களுக்கும் திறந்திருந்தது.

கல்லூரிப் படிப்பை முடித்தபின் முத்துலட்சுமி மருத்துவம் பயில விரும்பினார். 1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் அவருக்கு முன்னரே பெண்கள் சிலர் பயின்றிருந்தனர் எனினும், தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து ஒரு பெண் தனியே சென்னைக்கு வந்து மருத்துவம் கற்பது அன்று பெரும் வியப்பாகவே இருந்தது. பிள்ளைப்பேற்றின்போது தக்க மருத்துவர் இன்றி இளந்தாய்மார் இறந்துபோவது ஊர்தோறும் நிகழ்ந்த காலம் அது. ஆண் மருத்துவரிடம் தம் நோயைச் சொல்ல நாணி, மறைத்து வைத்து மாண்ட பெண்களும் பலர். எனவே ஒரு பெண் மருத்துவர் உருவாவது பல குடும்பங்களுக்கு உயிர் காக்கும் உதவியாகும். முத்துலட்சுமி பல பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டத்துடன் வெளிவந்தார். பின் சென்னை அரசினர் மகப்பேற்று மருத்துவமனையில் பணிபுரிந்தார்.

இப்போது திருமணம் பற்றிய கேள்வி எழுந்தது. மணம் செய்துகொண்டால் கற்ற கல்வி அடுப்பங்கரையிலேயே அடங்கிவிடுமோ என்னும் ஐயம், படித்த பெண்களுக்கு அன்று நேர்ந்த பெரும் இடர்ப்பாடு. முத்துலட்சுமி அதனைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மணத்திற்கு இசையவில்லை. தம்மை மணக்க முன்வந்த டாக்டர் சுந்தர ரெட்டியிடம் தம் உள்ளக் கருத்தை மறைக்காமல் எடுத்துரைத்தார். தம்மைத் தமக்கு நிகரானவராக மதித்து நடத்த வேண்டும் என்பதும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்பதும் அவர் கூறிய நிபந்தனைகள். சுந்தர ரெட்டியார் அவற்றை மனமுவந்து ஏற்றார். 1914-ஆம் ஆண்டு இருவருக்கும் 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி எளிய முறையில் மணம் நிகழ்ந்தது. சொல்ல வேண்டியதை மணத்திற்கு முன்பே தெளிவாகச் சொல்லியதனால், பின்னாளில் அவ்வில்லறம் பல சோதனைகளைத் தாங்கி நின்றது. இராமமோகன், கிருஷ்ணமூர்த்தி என்னும் மக்கள் இருவர் அவர்களுக்குப் பிறந்தனர்.

வீட்டையும் மருத்துவத் தொழிலையும் ஒருங்கே நடத்திவந்த காலத்தில் அம்மையாரின் உள்ளத்தை உலுக்கிய துயரம் ஒன்று நேர்ந்தது. அவருடைய இளைய தங்கை புற்றுநோய்க்கு ஆளானார். நோய் இன்னதென்று தெளிவாக அறியப்படுமுன்பே அது முற்றிவிட்டது. வீட்டில் மருத்துவர் இருவர் இருந்தும் காப்பாற்ற வழியில்லாமற் போயிற்று. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று தென்னாட்டில் இல்லாமையை அம்மையார் அன்று உணர்ந்தார். அந்நினைவு அவரை விட்டு அகலவேயில்லை.

1925-ஆம் ஆண்டில் அரசாங்க உதவி பெற்றுக் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்று, பெண்கள் குழந்தைகள் ஆகியோரின் நோய்களைப்பற்றிய உயர் பயிற்சி பெற்றார். ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின் தாயகம் திரும்பினார். கல்வியும் அனுபவமும் நிரம்பப் பெற்ற நிலை. தொழிலில் பேரும் பொருளும் பெருகத் தக்க வயது. அந்நேரத்தில்தான் வேறொரு வழி அவர்முன் திறந்தது.

சென்னை மாகாணத்தில் 1921-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்திருந்தது. 1926-ஆம் ஆண்டில் சட்டசபையில் அமரும் உரிமையும் வந்தது. பெண்கள் சார்பில் ஒருவர் அங்குச் செல்ல வேண்டும் என்று இந்திய மாதர் சங்கத்தார் விரும்பினர். முத்துலட்சுமி அம்மையாரையே தக்கவர் எனக் கருதினர். அம்மையார் உடனே இசைந்துவிடவில்லை. சட்டசபை வேலை மருத்துவத் தொழிலுக்கு உரிய பொழுதை விழுங்கிவிடும். தம்மை நம்பி வரும் நோயாளிகளின் நிலை என்னாகும் என்னும் தயக்கம் அவருக்கு இருந்தது. ஆயினும், ஒரு மருத்துவர் ஒரு நாளில் சில நோயாளிகளின் துயரையே தீர்க்க முடியும். ஒரு நல்ல சட்டமோ காண இயலாத இலட்சக்கணக்கானோரின் துயரைத் தடுக்க முடியும். இளமை மணத்தாலும், கல்வியின்மையாலும், தீய வழக்கங்களாலும் விளைந்த நோய்களை மருந்து மட்டும் தீர்த்துவிடாது. ஆதலின் அம்மையார் இசைந்தார். அவருக்கு நியமன உறுப்பினர் பதவி கிடைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதற்பெண் அவரே. சபையினர் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர்.

சட்டசபையில் அவர் மேற்கொண்ட பணிகளுள் தலையாயது, சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க முயன்றதாகும். முற்காலத்தில் அவ்வழக்கம் கலைப்பணியோடும் சிறப்போடும் இருந்ததாயினும், பிற்காலத்தில் அறியாச் சிறுமியரின் வாழ்வைச் சீரழிப்பதாயிற்று. தம் தாயார் பிறந்த மரபிலேயே இக்கொடுமை நிகழ்ந்ததால், அதுபற்றி அவையில் பேசுவது அம்மையாருக்கு எளிதன்று. பிறப்பைச் சுட்டி இகழ்வாரும் இருப்பர் என்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தே அப்பணியை மேற்கொண்டார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஊர்தோறும் இதே நோக்கத்திற்காக உழைத்து வந்தனர்.

எதிர்ப்பு பல திசையினின்றும் வந்தது. பழைமையில் பற்றுடையோர் எதிர்த்தனர். தங்கள் பிழைப்பும் கலையும் போய்விடும் என்று அம்மரபுப் பெண்களிலேயே பலர் அஞ்சி முறையிட்டனர். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றது என்று சொல்ல இயலாது. கோயிற்பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களே அவர்களிற் பலருக்கு வாழ்வளித்து வந்தன. எனவே அம்மையார் முதலில் அந்நிலங்களைப்பற்றிய திருத்தத்தைக் கொணர்ந்தார். 1929-ஆம் ஆண்டில் நிறைவேறிய அத்திருத்தம், கோயிற்பணி செய்ய வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை நீக்கி, நிலங்களை அப்பெண்களுக்கே உரியனவாக்க வழி செய்தது. பொட்டுக் கட்டுதலையே தடுக்கும் சட்டமோ 1947-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. அம்மையார் சபையில் முதன்முதல் அதற்காகக் குரல் கொடுத்து இருபது ஆண்டுகள் சென்றபின் வந்த வெற்றி அது.

1930-ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. மே மாதத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். தாம் தொடங்கிய மசோதா நிறைவேறாத நிலையில் பதவியை விடுவதா, நாடே கொந்தளிக்கும்போது அரசாங்கம் அளித்த பதவியில் அமர்ந்திருப்பதா என்னும் கடினமான நிலை அம்மையாருக்கு ஏற்பட்டது. அவர் பதவியைத் துறந்தார். மருத்துவத் தொழிலைக் குறைத்துக்கொண்டு பெற்ற பதவி அது. அதனைத் துறந்தபோதும் மேற்கொண்ட பணியை அவர் துறக்கவில்லை.

பதவியில் இல்லாத அக்காலத்தில்தான் அப்பணி அவர் வீட்டு வாயிலுக்கே வந்தது. பொட்டுக் கட்டும் வழக்கத்தினின்று தப்ப விரும்பிய சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை. சட்டம் வேண்டும் என்று அவையில் வாதிடுவது ஒன்று. அச்சட்டம் யாருக்காகவோ அவர்களைத் தம் வீட்டில் ஏற்று, தம் மக்களோடு வளர்ப்பது மற்றொன்று. அம்மையாரும் சுந்தர ரெட்டியாரும் தம் இல்லத்தைத் திறந்து அவர்களை ஏற்றனர். அவ்வாறு தோன்றியதே ஒளவை இல்லம். பிறப்பு வேறுபாடு பாராமல் ஆதரவற்ற பெண்களையும் குழந்தைகளையும் ஏற்று, கல்வியும் கைத்தொழிலும் கற்பித்து, தம் காலில் நிற்கச் செய்வதே அதன் நோக்கம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்று வளர்ந்தது.

தங்கையை இழந்த நாளில் உள்ளத்தில் விழுந்த எண்ணத்தையும் அம்மையார் மறக்கவில்லை. 1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவின்போது புற்றுநோய் மருத்துவமனையின் தேவையை வெளிப்படையாக எடுத்துரைத்தார். அந்நோய் கண்டவர் பிழைப்பது அரிது. அதற்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கருதியோர் பலர். அம்மையாரோ பல ஆண்டுகள் ஓயாது பொருள் திரட்டினார். 1952-ஆம் ஆண்டில் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே அளித்தார். மறு ஆண்டில் டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண், தமக்குக் கிடைத்த அரசாங்க மருத்துவமனைப் பதவியை ஏற்காமல், அப்புதிய சிறு மருத்துவமனையில் வந்து சேர்ந்தார். 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் அங்கேயே தங்கித் தொண்டாற்றினார்.

1956-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் முத்துலட்சுமி அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். ஏழைத் தாய்மாரின் மகப்பேற்றுக்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் நிதியுதவி அவர் பெயரையே தாங்கியுள்ளது.

அம்மையார் வாழ்வில் எடுத்த முடிவுகளை ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவர் எதனையும் ஆராயாமல் பற்றியவரல்லர். ஆராய்ந்தபின் அஞ்சி நின்றவரும் அல்லர். ஒவ்வொரு முறையும் அரிதில் பெற்ற ஒன்றை விட்டுக்கொடுக்கும் நிலை வந்தது. அப்போதெல்லாம் தமக்கு என்ன கிடைக்கும் என்பதைவிட, தம்மால் யாருக்கு நன்மை விளையும் என்பதையே அவர் பெரிதாகக் கருதினார். தந்தை, கணவர், மகன் ஆகியோரின் துணையும் அவருக்கு அமைந்தது. ஆனால் அத்துணை தானே வந்து அமைந்ததன்று. தம் கருத்தை மறைக்காமல் எடுத்துரைத்து, உற்றாரையும் தம் பணியில் பங்கு பெறச் செய்ததனால் வந்தது. கல்வி, தொழில், இல்லறம் ஆகியவற்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இன்று மாணவ மாணவியர் பலருக்கு எளிதாகக் கிடைக்கிறது. அவ்வுரிமைக்கு அன்று விலை கொடுத்தவர்களுள் முத்துலட்சுமி அம்மையார் முன்னிற்பவர்.