டிஜோனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த டார்சி

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்ச யாரும் டார்சி–வெய்ஸ்பாக் சமன்பாட்டைத் தாண்டாம வந்திருக்க முடியாது. நாலு எஃப்பா, வெறும் எஃப்பான்னு எக்ஸாம் ஹாலில் குழம்பினதும் ஞாபகம் இருக்கும். (ரெண்டுமே சரிதான், எந்த எஃப்பை எடுத்தோம்ங்கிறதுதான் விஷயம்.) அந்த டார்சி யாருன்னு பார்ப்போம்.

ஹென்றி டார்சி 1803-ல் பிரான்ஸின் டிஜோன் நகரில் பிறந்தார். பதினான்கு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா கடன் வாங்கிப் படிக்க வைத்தார். பாரீஸில் பொறியியல் முடித்து, அரசுப் பொறியாளராகச் சொந்த ஊருக்கே வந்தார்.

ஊரில் நல்ல குடிநீர் இல்லை. டார்சி ரோசுவார் ஊற்றிலிருந்து சுமார் 12.7 கி.மீ. தூரத்துக்கு மூடிய கால்வாய் கட்டினார். பம்ப் எதுவும் கிடையாது, சரிவு மட்டும்தான். 1840 செப்டம்பரில் தண்ணீர் டிஜோனுக்கு வந்து சேர்ந்தது. தனக்குச் சேர வேண்டிய பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நகரம் தங்கப் பதக்கமும், ஆயுள் முழுக்க இலவசத் தண்ணீரும் கொடுத்தது.

1848 புரட்சியில் ஆட்சி மாறியதும் அவரை ஊரை விட்டே மாற்றிவிட்டார்கள். கடைசியில் பாரீஸ் தண்ணீர்த் துறைக்குப் போனார். நமக்கு அதுதான் லாபம்!

அதுவரை எல்லோரும் நம்பியது இதுதான்: குழாய்ச் சுவரில் ஒரு படலம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும், மீதித் தண்ணீர் அதன் மேல்தான் வழுக்கிப் போகும். அப்படின்னா குழாய் எதனால் செய்ததுங்கிறது முக்கியமே இல்லை. டார்சி ஷாயோவில் இரும்பு, ஈயம், கண்ணாடி, தார் பூசியதுன்னு பலவகைக் குழாய்களில் தண்ணீர் விட்டு, அழுத்தம் எவ்வளவு குறையுதுன்னு அளந்தார். சொரசொரப்புக்கு ஏற்ப இழப்பு மாறியது. உள்ளே படிவு பிடித்த பழைய வார்ப்பிரும்புக் குழாய்க்கு, புதுசைப் போல இரண்டு மடங்கு உராய்வு கணக்கில் எடுக்கச் சொன்னார். நகரத்துக்குக் குழாய் போடுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால், சில வருஷத்தில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது.

சமன்பாட்டின் இப்போதைய வடிவம் ஜெர்மனியின் வெய்ஸ்பாக் 1845-லேயே எழுதியது. பெண்ட், வால்வு இழப்புக்கு நாம போடுற 'கே' கெழுவும் அவர் வழிதான்.

உடம்பு கெட்டு 1855-ல் டார்சி டிஜோன் திரும்பினார். அங்கே சும்மா இருக்காம மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். சாயில் மெக்கானிக்ஸில் வரும் டார்சி விதி அதுதான். குழாய்ச் சோதனை நூல் 1857-ல் வந்தது. 1858 ஜனவரியில், 54 வயதில், பாரீஸில் நிமோனியாவால் இறந்தார். உடலை டிஜோனுக்குக் கொண்டுபோனார்கள். பாரீஸ்–லியோன் ரயில் பாதை தன் ஊர் வழியாகப் போகணும்னு முன்பு பாடுபட்டவரும் அவர்தான்.