காந்திகிராமம் கண்ட டாக்டர் சௌந்தரம் அம்மையார்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் அம்பாத்துரை என்னும் சிறிய நிலையம் ஒன்று உண்டு. கிழக்கே சிறுமலைத் தொடர் நீலமாய் நீண்டு கிடக்கும். அருகே நெசவாளர்கள் நிறைந்த சின்னாளபட்டி. மழை பெய்தால் சோளமும் கடலையும் விளையும் மேட்டு நிலம். இந்தச் சமவெளியில்தான், தம் நாற்பத்து மூன்றாம் வயதில், ஓர் அம்மையார் கணவருடன் வந்து காந்திகிராமத்தை அமைத்தார். அவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம். அவருடைய தொண்டைப் பற்றி நம் வாசகர்கள் பலரும் அறிந்திருப்பர். அத்தொண்டுக்கு முன்பிருந்த அவரது இளமைக் காலத்தைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். இளமையில் எடுக்க வேண்டிய முடிவுகளை எடுக்காமல் விட்டுப் பின்னாளில் கழிவிரக்கம் கொள்வோர் நம்மிடையே பலர். அவ்வாறு வருந்துவதற்கு எல்லாக் காரணங்களும் அமைந்திருந்தும் வருந்தி நிற்காத ஒருவரின் வரலாறு இது.

சௌந்தரம் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் டி. வி. சுந்தரம் ஐயங்கார். டி. வி. எஸ். என்னும் பெயரைப் பேருந்துகளின் மீது கண்டு வளர்ந்தவர்கள் நாம். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவரே. செல்வக் குடும்பம், ஆசாரமான குடும்பம். வழக்கப்படி 1918-இல், பதினான்காம் வயதில், சௌந்தரத்திற்குத் திருமணம் நடந்தது. மணமகன் பெயர் சௌந்தரராஜன், மருத்துவம் பயின்றவர். பெண்ணின் திருமண வயது பதினான்குக்குக் குறையக்கூடாது என்று கூறிய சாரதா சட்டம் 1929-இல்தான் இயற்றப்பட்டது. ஆகவே அன்றைய கணக்கில் பதினான்கு வயது என்பது இளம் வயதாகவே கருதப்படவில்லை.

சௌந்தரராஜன் தம் மனைவி கல்வி கற்க வேண்டும் என்று விரும்பினார். மருத்துவத் தொழிலைத் தொடங்கி நடத்தி வந்த காலத்தில் பிளேக் நோய் பரவியது. அந்நோய் கண்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த அவரையே அது பற்றிக்கொண்டது. இறக்குமுன் அவர் மனைவியிடம் தெரிவித்த விருப்பம் இரண்டு: விதவைக் கோலத்தில் முடங்கிவிடாமல் படித்து மருத்துவராக வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும். மரணப் படுக்கையில் ஓர் இளைஞர் தம் இளம் மனைவிக்காக இவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்ததை நினைக்கும்போது, இவ்வரலாற்றில் முதல் வணக்கத்திற்குரியவர் அவரே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் விருப்பம் தெரிவிப்பது ஒன்று. அதன்படி நடப்பது வேறொன்று. விதவை மறுமணத்தைச் சட்டபூர்வமாக்கிய சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, வீட்டுக்குள் நுழையவில்லை. கணவனை இழந்த இளம்பெண் தலையை மழித்துக்கொண்டு, நல்ல காரியங்களில் முன்னே வராமல், சமையற்கட்டிலேயே ஆயுளைக் கழிப்பது உயர்குலத்தார் பலரிடம் நியதியாக இருந்தது. நம் ஊர்களிலும் பழைய தலைமுறையில், இருபது வயதில் கணவரை இழந்து, வீட்டின் பின்கட்டும் ஜினாலயமுமே உலகமாக வாழ்ந்து முடித்த பாட்டிமார்கள் இருந்தனர். அவர்களுடைய நோன்பையும் பொறுமையையும் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆயினும் அவர்களில் எத்தனை பேருக்கு வேறு வழி ஒன்று காட்டப்பட்டது என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அக்காலத்தில் வழி காட்டியவர்களுள் முதன்மையானவர் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். தாமே குழந்தை விதவையாகி, 1911-இல் பட்டம் பெற்று, இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தி, அவர்களை ஆசிரியைகளாக ஆக்கினார். ஆசிரியப் பயிற்சிக்குப் பெண்கள் வந்ததில் இத்தகையோரின் பங்கு பெரிது என்பதை அத்தொழிலில் வாழ்நாளைக் கழித்த நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்று மருத்துவத்திலும் வழி திறந்திருந்தார். எனினும் மதுரையில் ஒரு பெரிய ஐயங்கார் குடும்பத்து மருமகள், கணவனை இழந்த பின் மருத்துவம் படிக்கப் போவதென்பது கேள்விப்படாத செய்தி.

சௌந்தரத்தின் பெற்றோர் அதற்கு இணங்கினர். உறவினர் என்ன சொல்வர் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர், அறிந்தே அனுப்பினர். சௌந்தரம் தில்லிக்குச் சென்று லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1916-இல் திறக்கப்பட்ட அது பெண்களுக்காகவே ஏற்பட்ட கல்லூரி. மொழி புதிது, உணவு புதிது, குளிர் புதிது. துக்கம் மட்டும் தமிழ்நாட்டிலிருந்து உடன் சென்றது. சற்றே நின்று கணக்கிட்டுப் பார்ப்போம். மணம் நடந்தது பதினான்கில். மருத்துவப் பட்டம் பெற்றது 1936-இல், முப்பத்திரண்டாம் வயதில். இடையே பதினெட்டு ஆண்டுகள். வகுப்பில் தம்மைவிட இளையவர்கள் பலர் இருக்க, அவர்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

இதை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், பயிற்சிப் பள்ளிகளில் நாம் அடிக்கடி கண்ட ஒரு காட்சி உண்டு. இருபத்தைந்து வயதான ஒரு பெண், குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து, பதினெட்டு வயதுப் பெண்களுக்கு இடையே தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்திருப்பாள். வயது கடந்துவிட்டதே என்ற வெட்கம் முகத்தில் தெரியும். தேர்வில் முதலாவதாக வருபவள் பெரும்பாலும் அவளாகவே இருப்பாள். ஆயினும் அந்த வெட்கம் போக நெடுநாள் ஆகும். காலம் கடந்துவிட்டது என்று அப்பெண்ணிடம் சொன்னவர்கள் பகைவர்கள் அல்லர், வீட்டாரே.

தில்லியில் சௌந்தரத்துடன் நட்புக் கொண்டவர் சுசீலா நய்யார். பின்னாளில் காந்தியடிகளின் மருத்துவராகவும், நாடு விடுதலை பெற்றபின் மத்திய சுகாதார அமைச்சராகவும் விளங்கியவர். அவர் மூலம் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. ஹரிஜனப் பணியில் ஈடுபட்டிருந்த ஜி. இராமச்சந்திரனையும் சௌந்தரம் சந்தித்தார். இராமச்சந்திரன் திருவாங்கூரைச் சேர்ந்தவர், 1904-இல் பிறந்தவர், சாந்திநிகேதனத்தில் பயின்றவர். இருவரும் மணந்துகொள்ள விரும்பினர்.

இப்போது மறுத்தவர்கள் யார் என்றால், துணிந்து மகளைத் தில்லிக்கு அனுப்பிய அதே பெற்றோர். மறுமணம், வேற்றுச் சாதி, வேற்று மொழி. படிப்புக்கு இணங்கிய மனம் இதற்கு இணங்கவில்லை. இதில் நாம் வியப்படைய ஏதுமில்லை. பெற்றோரின் துணிவு ஓர் எல்லை வரை வரும். அதற்கு அப்பால் மகள் தனியே நடக்க வேண்டியிருக்கும். அன்றைய பெற்றோர் மட்டுமல்ல, இன்றும் மகளை அயல்நாட்டிற்குப் படிக்க அனுப்பும் பெற்றோர் பலர் அவளது திருமணப் பேச்சில் அதே இடத்தில்தான் நின்றுவிடுகின்றனர்.

விஷயம் காந்தியடிகளிடம் சென்றது. அவர் உடனே ஆசி கூறவில்லை, தடுக்கவும் இல்லை. ஓர் ஆண்டு இருவரும் சந்திக்காமல், கடிதப் போக்குவரத்தும் இல்லாமல் பிரிந்திருக்க வேண்டும் என்றும், அதன்பின்னும் மனம் மாறாதிருந்தால் மணந்துகொள்ளலாம் என்றும் நிபந்தனை விதித்தார். இருவரும் ஏற்றனர்.

அந்த ஓர் ஆண்டைப் பற்றி நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இருவரும் முப்பது வயதைக் கடந்தவர்கள். ஒருவர் மருத்துவர். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இல்லை. வீட்டை விட்டு வெளியேறி மணந்துகொண்டிருக்கலாம். அல்லது பெற்றோர் மனம் நோகக்கூடாது என்று விட்டுக்கொடுத்து, பின்பு ஆயுள் முழுதும் அதை நினைத்து ஏங்கியிருக்கலாம். இவ்விரண்டும் எளிதானவை, இரண்டிலும் பின்னால் மனம் உறுத்த இடமுண்டு. அவர் எடுத்துக்கொண்டதோ கடினமான மூன்றாவது வழி. தம் விருப்பத்தைக் காலத்தின் முன் வைத்துச் சோதித்தார். இளைஞர்கள் முடிவெடுக்க அஞ்சுவது, எடுத்த முடிவு தவறாகிவிடுமோ என்பதால்தான். ஓர் ஆண்டு மௌனத்தில் நிலைத்த முடிவைப் பற்றி அந்த அச்சம் எழ வழியில்லை. பெற்றோர் இணங்காத நிலையில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இதே பொறுமையுடன் காத்திருந்ததைக் கண்டிருக்கிறோம். ஆனால் பெரியவர்களும் அந்த ஆண்டை நேர்மையாக நடத்த வேண்டும். மாற்று வரன் பார்ப்பதற்கான அவகாசமாக அதைப் பயன்படுத்துவது காந்தியடிகள் சொன்ன நிபந்தனை ஆகாது.

1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் காந்தியடிகளின் ஆசியுடன் திருமணம் நடந்தது. சௌந்தரத்திற்கு அப்போது வயது முப்பத்தாறு. முதல் கணவர் கேட்ட இரண்டும் நிறைவேறிவிட்டன.

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. 1942 இயக்கத்தில் அவர் பங்கேற்றார். 1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா அம்மையார் சிறைக்காவலில் மறைந்தார். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணிபுரிய அவர் பெயரால் ஏற்பட்ட நிதியின் தென்னகப் பிரதிநிதியாகக் காந்தியடிகள் சௌந்தரத்தை நியமித்தார். அப்பணியே தம்பதியரைத் திண்டுக்கல் பக்கம் கொண்டுவந்தது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே காந்திகிராமம் தோன்றியது.

தொடக்கம் மிகச் சிறியது. சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளுடன் ஒரு மகப்பேறு மருத்துவமனை. தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுதும் உழைக்கும் குடும்பங்கள். பிரசவம் என்றால் வீட்டு இருட்டறைதான். மருத்துவமனைக்குச் செல்வதே அபசகுனம் என்று எண்ணிய காலம். பெண் மருத்துவர் ஒருவர் கதர்ப் புடவையுடன் வந்து நின்றதால்தான் கதவுகள் திறந்தன என்று சொல்லலாம். அந்த இரண்டு படுக்கைகளே வளர்ந்து காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனை ஆயிற்று. கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை வளர்க்கும் சௌபாக்யா இல்லமும் அங்கு எழுந்தது. கணவனை இழந்தவர்களும் ஆதரவற்ற பெண்களும் தங்கி, தொழில் கற்றுக் கிராம சேவகிகளாக வெளியே சென்றனர். தமக்கு வாய்த்த நல்லூழைத் தம்மோடு முடித்துக்கொள்ளாமல், அது வாய்க்காத பெண்களுக்குத் திட்டமாகவே அவர் வகுத்துக் கொடுத்தார். செல்வரின் மகளாக இருந்ததால் தமக்குத் தில்லி கிடைத்தது என்பதை அவர் மறக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆதாரக் கல்வி காந்திகிராமத்தின் மற்றொரு தூண். கைத்தொழிலோடு பாடத்தை இணைக்கும் அம்முறையில் தக்ளியும் இராட்டையும் வகுப்புக்குள் வந்தன. ஆசிரியப் பயிற்சியில் நூல் நூற்ற தலைமுறையினர் இதைப் படிக்கையில் தம் அறுந்த நூல்களை நினைத்துச் சிரித்துக்கொள்வர்.

பொதுவாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952-இல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும், 1957-இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-இல் திண்டுக்கல் தொகுதியின் மக்களவை உறுப்பினரானார். மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் பணிபுரிந்தார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1964-இல் ஊரக நலம், குடும்ப நலம் பற்றிய நிறுவனம் ஒன்றும் காந்திகிராமத்தில் அமைந்தது. ஆத்தூர் வட்டாரத்தில் வீடுவீடாகச் சென்று தாய்மார்களைச் சந்தித்த பணியாளர்களின் அனுபவம் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பாடமாயிற்று. பதவிகள் வந்தன, போயின; 1967-இல் நாடாளுமன்றக் காலமும் முடிந்தது. காந்திகிராமம் மட்டும் அவருடன் நிலைத்தது.

1984-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், எண்பதாம் வயதில், சௌந்தரம் அம்மையார் மறைந்தார். மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது அதற்கு அடுத்த ஆண்டில்தான். இராமச்சந்திரன் 1995-இல் காலமானார். அம்மையாரின் நினைவாக 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

பழனிக்கு அருகில் ஐவர்மலையில் பொறிக்கப்பட்டுள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்க நம்மவர் குடும்பமாகச் செல்வதுண்டு. திண்டுக்கல் வழியே செல்வோர் மதுரைச் சாலையில் சற்றுத் தூரம் விலகினால் காந்திகிராமம் வந்துவிடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உடன் இருந்தால், அவர்களை அந்த மருத்துவமனை வாயில் வரையேனும் அழைத்துச் செல்லலாம்.