ஜி. என். இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) புகழ்பெற்ற இந்திய உயிர் இயற்பியலாளர் ஆவார். கொலாசன் என்னும் புரதத்தின் முப்புரிச் சுருள் அமைப்பைச் சென்னையில் கண்டறிந்தவர். புரத அமைப்புகளைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடம் இவர் பெயரால் வழங்குகிறது.

இளமையும் கல்வியும்

அன்றைய கொச்சி சமத்தானத்தின் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கிருந்த சர் சி. வி. இராமனின் ஈர்ப்பால் இயற்பியல் துறைக்கு மாறினார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ச்சில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார்.

கொலாசனும் ஒரு மறுப்பும்

1952-இல், ஏறத்தாழ 30 வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் நிறைந்துள்ள கொலாசனின் அமைப்பு அப்போது தெளிவாகியிருக்கவில்லை. இவரும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாசனை எக்சு-கதிர் கொண்டு ஆராய்ந்தனர். அது மூன்று இழைகளால் ஆனது என 1954-இல் அறிவித்தனர். அம்மூன்றும் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றிச் செல்வதாக 1955-இல் திருத்தினர்.

அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிசு கிரிக்கும் இதனை மறுத்தனர். முப்புரி அமைப்பை ஏற்றாலும், சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்பதும், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் அமைய இயலாது, ஒன்றே அமையும் என்பதும் அவர்கள் கருத்து. பிணைப்பைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றே பின்னர் நிலைபெற்றது. எனினும் இம்மறுப்பே இவருடைய மிகப் பெரிய பணிக்குக் காரணமாயிற்று எனலாம்.

இராமச்சந்திரன் வரைபடம்

அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? இதனை அறிய, அதுவரை வெளியான படிக அமைப்புகளிலிருந்து அணு இடைவெளிகளைத் தொகுத்தார். புரதச் சங்கிலி ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் ஃபை, சை என்னும் இரு கோணங்களில் திரும்பக்கூடியது. வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் இவ்விரு கோணங்களின் எல்லா இணைகளையும் கணித்தபோது, பெரும்பாலானவற்றில் அணுக்கள் மோதுவது தெரிந்தது. எஞ்சிய சில பகுதிகளே இயலும். ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் அப்பகுதிகளிலேயே விழுகின்றன. பக்கக் கிளையில்லாத கிளைசினுக்கு மட்டும் கூடுதல் இடமுண்டு. இக்கட்டுரை 1963-இல் வெளிவந்தது.

இவர் சென்னைக்கு வந்த 1952-இல், தற்போது கடலூர் மாவட்டத்திலுள்ள சிதம்பரத்தில் பிறந்தவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் (மேற்கூறிய சி. இராமகிருஷ்ணன் வேறொருவர்). தூது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் ஆக்கும் இரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்றவர். இரைபோசோமின் புரதங்களாயினும், முதிராத தூது ஆர்.என்.ஏ.விலிருந்து வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்கும் இசுப்ளைசோசோமின் புரதங்களாயினும், அவற்றின் கோணங்கள் இவ்வரைபடத்தில் இட்டுப் பார்க்கப்படுகின்றன. தடைசெய்யப்பட்ட பகுதியில் பல புள்ளிகள் விழுந்தால் மாதிரியில் பிழையிருக்க வாய்ப்புண்டு.

பிற்காலம்

1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன், எக்சு-கதிர் நிழற்படங்களிலிருந்து முப்பரிமாண உருவை மீட்கும் கணித முறையை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் கருவிகளின் கணிப்புக்கு இவ்வகை முறை பெரிதும் பயன்பட்டது. பெங்களூரில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1977-இல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1999-இல் படிகவியலுக்கான எவால்டு பரிசு வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மனைவி இராசலட்சுமி காலமானார். பார்க்கின்சன் நோயால் நெடுநாள் துன்புற்ற இராமச்சந்திரன் 2001-இல் சென்னையில் மறைந்தார்.