புட்டி வெடித்த நிலவறையில் ஒரு சந்நியாசியார்



சாம்பெயின் என்னும் நுரைத்தெழும் திராட்சை இரசத்தைப்பற்றி நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். புதுக் கப்பலைக் கடலில் இறக்கும்போது அதன் முகப்பில் மோதி உடைக்கிறார்களே, அந்தப் புட்டியில் இருப்பது அதுதான். அந்த நுரையைக் கண்டுபிடித்தவர் டோம் பெரிஞ்ஞோன் என்னும் சந்நியாசியார் என்றும், அவர் குருடராயிருந்தார் என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. இரண்டும் உண்மையல்ல. அந்த நுரை வராமல் தடுக்கவே அவர் பாடுபட்டார் என்பதே மெய். அவருடைய சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள்.

பியேர் பெரிஞ்ஞோன் 1638-ம் ஆண்டின் முடிவில் பிரான்சு தேசத்து ஷாம்பெயின் நாட்டில் பிறந்தார். பதினான்காம் லூயி இராசா பிறந்ததும் அதே ஆண்டில்தான். பெரிஞ்ஞோன் இருபது வயதையொட்டி, வெர்தன் நகரில் அர்ச். ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்தார். 1668-ல் மார்ன் நதியோரத்துக் குன்றின்மேலுள்ள ஓவில்லேர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். அர்ச். எலேனம்மாளின் அருளிக்கம் இருந்தபடியால் திருயாத்திரைக்காரர் தேடிவந்த மடம் அது. அங்கே அவருக்குக் கிடைத்த உத்தியோகம் உக்கிராண விசாரணை. தானியம், குத்தகை, கணக்கு, திராட்சைத் தோட்டம், நிலவறை எல்லாம் அவர் பொறுப்பு. மடத்தின் பாத்திரங்களைப் பீடத்துப் பாத்திரங்களைப்போல் பேணவேண்டும் என்பது ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கில் உக்கிராணக்காரருக்கு இட்ட கட்டளை. அந்தக் கட்டளைப்படி பெரிஞ்ஞோன் 47 ஆண்டு அங்கே உழைத்தார்.

அவர் காலத்தில் நிலவறை என்றாலே பயம். காரணத்தைச் சொல்லுகிறேன். அந்த நாட்டில் குளிர் அதிகம். இலையுதிர் காலத்தில் பிழிந்த சாறு பீப்பாயில் பொங்கிக்கொண்டிருக்கும்போதே மாரிக்காலம் வந்துவிடும். குளிரில் பொங்குதல் நின்றுபோகும். வேலை முடிந்ததென்று எண்ணிப் புட்டியில் ஊற்றித் தக்கை அடைத்துவிடுவார்கள். ஆனால் சர்க்கரை முழுவதும் தீர்ந்திராது. வசந்தம் பிறந்து வெப்பம் ஏறியதும், உறங்கிக்கிடந்த நொதி விழித்து மிச்சச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். அதனால் பிறக்கும் கரியமில வாயு வெளியேற வழி இல்லை. அழுத்தம் ஏற ஏற, மெல்லிய கண்ணாடி தாங்காமல் வெடிக்கும். ஒரு புட்டி வெடித்தால் அதன் சில்லுகள் பக்கத்துப் புட்டிகளையும் உடைக்கும். இரசம் நாசமாவதுடன், கண்ணையும் கையையும் காப்பாற்றிக்கொள்வதும் கடினம். 19-ம் நூற்றாண்டில்கூட அந்நாட்டு நிலவறை வேலையாட்கள் முகத்தில் இரும்பு மூடி அணிந்தே உள்ளே சென்றார்கள்.

இந்தத் தொல்லையை எதிர்த்துப் பெரிஞ்ஞோன் தோட்டத்திலிருந்தே வேலையைத் தொடங்கினார். கொடியைக் குட்டையாக வெட்டி வளர்த்தார். வெயில் ஏறுமுன் குளிர்ந்த காலையில் பழம் பறிக்கச் செய்தார். நசுங்கிய பழத்தை ஒதுக்கினார். பல தோட்டத்துப் பழங்களைச் சுவை பார்த்து அளவாகக் கலந்தார். வெள்ளைத் திராட்சையின் இரசம் வசந்தத்தில் அதிகமாய்ப் பொங்கும் என்று கருதியபடியால் கருந்திராட்சையையே விரும்பினார். அதனை மெதுவாகவும் விரைவாகவும் பிழிந்து தெளிந்த சாறு எடுத்தார். ஆண்டுக்கு ஆண்டு இரசத்தின் தரம் உயர்ந்தது. மடத்தின் பெயரும் பரவியது. ஆனால் வசந்தத்து நுரையை அவரால் முழுவதும் அடக்க முடியவில்லை.

நுரையைக் கண்டுபிடித்தவர் அவரல்லர் என்பதற்குச் சான்றும் உண்டு. அவர் ஓவில்லேர் வருவதற்கு 6 ஆண்டு முன்னரே, 1662-ல், கிறிஸ்தோபர் மெரட் என்ற ஆங்கில வைத்தியர், வியாபாரிகள் இரசத்தில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்வதை இலண்டன் இராயல் சங்கத்துக்கு எழுதிவைத்தார். நிலக்கரி உலையில் வார்த்த ஆங்கிலப் புட்டி கனமாயிருந்ததால் அழுத்தத்தைத் தாங்கிற்று. பெரிஞ்ஞோனுக்குக் கண்டுபிடிப்பின் புகழைச் சூட்டியது, அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப்பின் 1821-ல் அம்மடத்தின் பழைய சந்நியாசியார் ஒருவர் எழுதிய கடிதம்.

அவர் தேடிய விடை பிற்பாடு கிடைத்தது. பிரான்சுவா என்னும் மருந்து வியாபாரி 1836-ம் ஆண்டையொட்டி, இரசத்தில் மிஞ்சியுள்ள சர்க்கரையை அளந்து, எவ்வளவு சேர்க்கலாமென்று கணக்கிட வழி காட்டினார். பொங்கச் செய்வது உயிருள்ள நொதியே என்று 1860-ம் ஆண்டையொட்டிப் பாஸ்டர் நிரூபித்தார். லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை ஒரு வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்கும். சாம்பெயினுக்கு 24 கிராம். ஆகவே 6 மடங்கு அழுத்தம், மோட்டார் வண்டிச் சக்கரத்தில் உள்ள காற்றைப்போல் சுமார் மூன்று மடங்கு. வீட்டில் பியர் காய்ச்சும் வழக்கமுள்ள தேசங்களிலும் இதுவே பாடம். பொங்குதல் அடங்கிவிட்டதா என்று அடர்த்திமானியால் சில நாள் இடைவெளி விட்டு அளப்பார்கள். அளவு மாறாதிருந்தால்தான் புட்டியில் ஊற்றுவார்கள். அதன்பின் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம்தான். அதையும் நிறுத்தே போடுவார்கள். புட்டியும் அழுத்தத்துக்கென்று செய்த கனமான புட்டியாயிருக்கவேண்டும். பொறுமையில்லாமல் முன்னதாக அடைத்தவன் வீட்டில் இன்றும் புட்டி வெடிக்கும்.

1715 செப்டம்பர் மாதத்தில், இராசா இறந்த அதே மாதத்தில், பெரிஞ்ஞோனும் கண்மூடினார். மடத்துக் கோவிலிலேயே அடக்கம் செய்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைந்தது. கோவில் நிலைத்து, ஊரின் பங்குக் கோவிலாயிற்று. அவருடைய கல்லறைக் கல்லை அங்கே காணலாம்.

வாசகர்களே, அவர் செய்யாத காரியத்துக்காக உலகம் அவரைப் புகழ்கிறது. அவர் செய்ததோ, விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய், நசுங்கிய பழத்தை ஒவ்வொன்றாய் ஒதுக்கியதுதான். தம்மை நம்பி ஒப்புவித்ததை 47 ஆண்டு சிதறவிடாமல் காத்த அந்த உக்கிராணக்காரரின் உண்மையான புகழ் இதுவே. அடுப்படியிலும் வயலிலும் கணக்கு மேசையிலும் யாரும் பாராத வேலையைச் செய்துவரும் உங்களுக்கு, அவருடைய சரித்திரம் ஆறுதலாயிருக்கட்டும்.