பெற்றதைப் பிறர்க்களித்த பியானோ மேதை

பிரான்ஸ் லிஸ்ட் என்றதும் மேடைகளில் அவர் பெற்ற பெரும்புகழையே பலரும் பேசுவர். சாகுமட்டும் அவர் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்ததை நாம் இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

1811 அக்டோபர் 22-ம் நாள், அங்கேரி அரசைச் சேர்ந்த டோபோர்யான் என்னும் சிற்றூரில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையே முதல் ஆசான். 1822-ல் வியன்னா நகரில், பெத்தோவனின் மாணவரான கார்ல் செர்னியிடம் பாடம் தொடங்கிற்று. சிறுவனின் விரல்களில் வேகமிருந்தது, ஒழுங்கில்லை. செர்னி அடிப்படைப் பாடங்களிலிருந்தே மீண்டும் பழக்கினார். சில பாடங்களுக்குப்பின் கட்டணமும் வேண்டாமென்றார்.

1827-ல் தந்தை இறந்தார். பதினாறு வயதும் நிரம்பாத லிஸ்ட், பாரிஸில் பியானோ கற்பித்துத் தம் தாயைக் காப்பாற்றினார். 1832-ல் வயலின் மேதை பகனீனியின் இசையைக் கேட்டபோது, தாம் கற்றது போதாதென உணர்ந்தார்; நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் விரற்பயிற்சியில் அமர்ந்தார். இளவயதில் தாம் இயற்றிய பயிற்சிப் பாடங்களை இருமுறை திருத்தி, 1852-ல் வெளியிட்டபோது, பழைய ஆசான் செர்னிக்கே அவற்றைக் காணிக்கையாக்கினார்.

35-ம் வயதிலேயே, 1847-ல், பணத்திற்காகக் கச்சேரி செய்வதை விட்டுவிட்டார். திருச்சபையின் திருமண ஒழுங்கை மீறி வாழ்ந்த காலமும் அவர் வாழ்வில் உண்டு. அதை நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும் 1865-ல் நான்கு சிறு பட்டங்களைப் பெற்றார். குருவாக அவர் அபிஷேகம் பெறவில்லை.

1869 முதல் உரோமை, வைமார், புடாபெஸ்ட் ஆகிய மூன்று நகர்களுக்கும் ஆண்டுதோறும் பயணம் செய்து கற்பித்தார். வைமாரில் பிற்பகல் வேளைகளில் மாணவர் கூடுவர். ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டுக் கற்பர். தேவையானபோது ஆசானே அமர்ந்து வாசித்துக் காட்டுவார். விரற்பயிற்சியை வீட்டில் முடித்து வரவேண்டும் என்பதில் கண்டிப்பு. கட்டணம் மட்டும் எவரிடமும் வாங்குவதில்லை. செர்னியிடம் பெற்ற கடனை அவர் இவ்வாறே தீர்த்தார்.

இறுதியாண்டிலும் வைமாரில் கற்பித்த அவர், 1886 ஜூலை 31-ம் நாள் பைரோய்த் நகரில், 74-ம் வயதில் இறந்தார். அவருடைய மாணவர் சிலோட்டி, பின்னர் ரக்மானினோவுக்குக் கற்பித்தார். பெத்தோவனிலிருந்து வந்த சங்கிலி அறுபடவில்லை.

அன்பர்களே, நமக்குச் செபம் சொல்லித் தந்தவரும் பாடக் கற்பித்தவரும் நம்மிடம் கூலி கேட்கவில்லை. நாம் கற்றதும் நம்மோடு நின்றுவிடலாகாது. அறிந்த ஒரு பாடலையேனும் சிறுவர் ஒருவர்க்குப் பொறுமையுடன் கற்பிப்போமாக.