திறந்த கதவும் வெளியே நின்ற தாயும்

பாடசாலைக் கட்டடமும் கோவில் மண்டபமும் நிரம்பிய பின் வந்து சேர்ந்த குடும்பம் எங்கே போனது என்பது இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தோமஸ் பர்னாடோ என்ற மனிதரின் வாழ்க்கையை நான் இரண்டு கேள்விகளோடு பார்க்கிறேன். அவருடைய வாசலில் யார் திருப்பி அனுப்பப்பட்டார்கள்? வாசல் திறந்த பின்னும் யார் வெளியே நின்றார்கள்?

பர்னாடோ 1845 யூலை 4ஆம் திகதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். வைத்தியம் படித்து, சீனாவுக்கு மிசனரியாகப் போகும் எண்ணத்துடன் 1866இல் லண்டன் வந்தார். அந்த ஆண்டு கிழக்கு லண்டனில் கொலரா பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். மறு ஆண்டு அங்குள்ள ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் ஓர் இலவசப் பாடசாலை தொடங்கினார். அங்கு வந்த ஜிம் ஜாவிஸ் என்ற சிறுவன் ஒருநாள் இரவு தன்னை அழைத்துச் சென்று, கூரைகளின் மேல் படுத்துறங்கிய பிள்ளைகளைக் காட்டியதாக அவர் பின்னாளில் எழுதினார். சீனப் பயணம் கைவிடப்பட்டது.

அக்காலத்தில் வீடற்ற குடும்பத்துக்கு அரசு வைத்திருந்த இடம் ஏழைகள் வேலைவிடுதிதான். 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அங்கே கணவன் ஒரு பகுதியிலும் மனைவி இன்னொரு பகுதியிலும் பிள்ளைகள் வேறொரு பகுதியிலும் வைக்கப்பட்டனர். வேறு ஊரிலிருந்து வந்தவர்களைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் கொடுத்தது. ஓரிரவு மட்டும் தங்குவோருக்கான பகுதிகளின் முன் மாலையில் வரிசை நிற்கும். நிரம்பினால் மிச்சப்பேருக்குத் தெருதான். ஒன்றாக இருக்க விரும்பிய குடும்பத்தை வெளியே நிறுத்தப் பூட்டு வேண்டியிருக்கவில்லை. அந்த நிபந்தனைகளே போதும்.

1870இல் ஸ்டெப்னி கோஸ்வே என்ற தெருவில் பர்னாடோ ஆண்பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றைத் திறந்தார். கையில் இருந்த பணத்துக்கு ஏற்றபடியே பிள்ளைகளைச் சேர்த்தார். ஒருநாள் 11 வயதான ஜோன் சோமர்ஸ் இடம் கேட்டு வந்தான். இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டான். சில நாட்களுக்குள் பசியாலும் குளிராலும் இறந்து கிடந்தான். அதன் பின் பர்னாடோ கணக்குப் பார்க்கவில்லை. ஆதரவற்ற எந்தப் பிள்ளைக்கும் இங்கே அனுமதி மறுக்கப்படாது என்று இல்லத்தின் முன் பலகை வைத்தார். கடன் ஏறியது, ஆனாலும் கதவு மூடப்படவில்லை.

இதுவரை அவரை வணங்கலாம். ஆனால் அந்தக் கதவு பிள்ளைகளுக்கானது. வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்த தாய் பெரும்பாலும் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகத்தான் வேண்டியிருந்தது. நிதி சேர்ப்பதற்காக, பிள்ளைகளை வந்தபோது இருந்ததைவிடப் பரிதாபமாகக் காட்டிப் படம் எடுத்தார் என்ற முறைப்பாடு 1877இல் நடுவர் விசாரணைக்குப் போனது. நடுவர்கள் அவரைப் பெருமளவில் குற்றமற்றவர் என்றாலும் அந்தப் படங்களைக் கண்டித்தனர். 1882 முதல் அவர் பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். பலர் பண்ணைகளில் வேலைக்கு விடப்பட்டனர். சில தாய்மார் நீதிமன்றம் போனார்கள். 1891இல் பிரபுக்கள் சபை ஒரு தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, பிள்ளையைக் கைவிட்ட பெற்றோரிடம் அப்பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க மறுக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குத் தரும் சட்டமும் வந்தது. கைவிடுவதும் கையேந்தி ஒப்படைப்பதும் ஒன்றா என்பது எனக்கு இன்னும் உறுத்தும் கேள்வி.

1905 செப்டெம்பர் 19ஆம் திகதி அவர் இறந்தபோது, அவருடைய இல்லங்களில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ 60,000. அவர்களில் எத்தனையோ பேர் அவர் இல்லாவிட்டால் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். 2010இல் பிரித்தானியப் பிரதமர், பல அமைப்புகளால் கடல் கடந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளிடம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அவர் தொடங்கிய அமைப்பும் பிற்காலத்தில் பெரிய இல்லங்களைக் கைவிட்டு, குடும்பங்களோடு சேர்ந்து வேலை செய்யும் வழிக்கு மாறியது.

போருக்குப் பின் எங்கள் ஊர்களிலும் தாய் உயிரோடு இருக்கச் சிறுவர் இல்லத்தில் வளரும் பிள்ளைகள் உண்டு. அந்தத் தாய்மாரில் பலருக்குக் குறைவாக இருந்தது பாசமல்ல. ஒரு கூரையும் மாத வருமானமும்தான். புதிதாக ஓர் இல்லம் கட்ட யாராவது நிதி கேட்டு வரும்போது, அதே பணத்தில் எத்தனை தாய்மார் தங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.