ஹென்றி கேட்டது விவாகரத்து இல்லை: ராணி கேத்தரின் கதை சொல்லும் கத்தோலிக்கத் திருமண ரத்து

1529 ஜூன் 21. லண்டனின் பிளாக்ஃப்ரையர்ஸ் மண்டபத்தில் ஒரு குடும்ப வழக்கு. நீதிபதிகள் இரண்டு கர்தினால்கள். கணவர் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, மனைவி ராணி கேத்தரின். கல்யாணமாகி 20 வருஷம். ராணியின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் நேராகக் கணவர் முன்னால் போய் மண்டியிட்டார். தன் பக்க நியாயத்தைச் சொன்னார். பிறகு, திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் நிற்காமல் வெளியேறினார்.

இதை விவாகரத்து வழக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனா, கத்தோலிக்கத் திருச்சபை விவாகரத்தை ஏற்பதில்லை. ஹென்றி கேட்டது வேறு: இந்தத் திருமணம் முதல் நாளிலிருந்தே செல்லாது என்ற தீர்ப்பு.

யார் இந்த கேத்தரின்?

1485-ல் ஸ்பெயினில் பிறந்தவர். அரசி இசபெல்லா, அரசர் ஃபெர்டினாண்ட் தம்பதியின் மகள். 1501 நவம்பரில் ஹென்றியின் அண்ணன் ஆர்தருக்கும் இவருக்கும் கல்யாணம் நடந்தது. இருவருக்கும் 15 வயது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஆர்தர் இறந்துவிட்டார்.

கேத்தரினைத் தம்பிக்கே கட்டிவைக்க இரு குடும்பமும் முடிவு செய்தன. அண்ணன் மனைவியை மணக்க அன்றைய திருச்சபைச் சட்டத்தில் தடை இருந்தது. அதற்கு போப் இரண்டாம் ஜூலியஸ் விதிவிலக்கு கொடுத்தார். 1509 ஜூன் 11-ல் கல்யாணம் நடந்தது.

1513-ல் ஹென்றி பிரான்ஸில் போரில் இருந்தபோது நாட்டை நிர்வகித்தவர் கேத்தரின்தான். ஸ்காட்லாந்துப் படையை ஃப்ளாடன் களத்தில் இங்கிலாந்து தோற்கடித்ததும் அப்போதுதான். ஆனால் பிறந்த குழந்தைகளில் தங்கியது ஒரே மகள், மேரி.

மன்னரின் வாதம் என்ன?

ஹென்றிக்கு ஆண் வாரிசு வேண்டும். மனசு ஆன் போலின் பக்கம் போயிருந்தது. இரண்டுமே ரத்துக்குக் காரணமாகாது. அதனால் அவர் பைபிளைக் கையில் எடுத்தார். சகோதரன் மனைவியை மணப்பதை லேவியர் நூல் தடுக்கிறது, அந்தத் தடையை நீக்க போப்புக்கே அதிகாரமில்லை என்பது வாதம். பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவியைச் சகோதரன் மணக்க வேண்டும் என்று இணைச்சட்ட நூல் சொல்கிறதே என்பது எதிர்வாதம். ஆர்தருடன் தாம்பத்திய உறவே நடக்கவில்லை என்று கேத்தரின் சத்தியம் செய்தார்.

கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று போப்பின் தூதர் யோசனை சொன்னார். கேத்தரின் மறுத்துவிட்டார். வழக்கு ரோமுக்குப் போய் வருஷக்கணக்கில் இழுத்தது. அன்றைய போப் ஏழாம் கிளமென்ட், கேத்தரினின் அக்கா மகனான பேரரசர் ஐந்தாம் சார்லஸைப் பகைக்க முடியாத நிலையில் இருந்தார்.

1533-ல் ஹென்றி ஆனை மணந்தார். பேராயர் கிரான்மர் பழைய திருமணம் செல்லாது என்றார். 1534 மார்ச்சில் ரோம், அது செல்லும் என்றது. அதே ஆண்டு இங்கிலாந்து ரோமை விட்டுப் பிரிந்தது. மேரி வாரிசு உரிமையை இழந்தார். 1536 ஜனவரி 7-ல் கிம்போல்டனில் கேத்தரின் இறந்தார். ஆர்தரின் விதவை என்ற பட்டத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

சரி, இன்றைக்கு எந்தக் காரணங்கள் செல்லும்?

திருச்சபைத் தீர்ப்பாயம் கேட்கும் கேள்வி இன்றும் அதேதான்: கல்யாணத்தன்று நிலைமை என்ன? பின்னால் வந்த சண்டை, பிரிவு மட்டும் போதாது. அவை அன்றைய குறைக்குச் சாட்சியாகலாம், அவ்வளவுதான்.

• சம்மதத்தில் குறை: மிரட்டல், ஏமாற்று, திருமணப் பொறுப்பை ஏற்க முடியாத மனநிலை, பிள்ளையோ விசுவாசமோ வேண்டாம் என்று அன்றே முடிவு செய்திருப்பது.
• தடை: முந்தைய திருமணம், நெருங்கிய ரத்த உறவு, கல்யாணத்துக்கு முன்பே இருந்த நிரந்தர ஆண்மைக் குறைவு போன்றவை. குழந்தையின்மை மட்டும் காரணமல்ல.
• முறையில் குறை: அதிகாரம் பெற்ற குருவும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் நடந்த திருமணம்.

ஹென்றி சொன்ன காரணம் இன்று லத்தீன் முறைத் திருச்சபையில் தடையே இல்லை. சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளில் உண்டு. அதற்கு விதிவிலக்கு கேட்கலாம்.

அப்போ குழந்தைகள்? ரத்து கிடைத்தாலும் பிள்ளைகளின் சட்டபூர்வ நிலை மாறாது என்கிறது இன்றைய திருச்சபைச் சட்டம். மேரிக்கு நடந்தது இன்று நடக்காது.

இந்தியாவில் கவனிக்க வேண்டியது

தேவாலயத் தீர்ப்பு மட்டும் போதாது. 1869 விவாகரத்துச் சட்டப்படி சிவில் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. அந்த உத்தரவு இல்லாமல் மறுமணம் செய்தால் அது செல்லாது. இருதார மண வழக்கும் வரலாம்.

ரத்து கேட்கப் போகிறவர்கள் முதலில் பேச வேண்டியது பங்குத்தந்தையிடம் அல்லது மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில். போகும்போது கசப்பான வருஷங்களின் பட்டியலைவிட, கல்யாண நாளைப் பற்றிய சாட்சிகளும் ஆவணங்களும்தான் உதவும்.